நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு பெயர்

1893 ஆகஸ்ட் 14 அன்று பாரிஸ் காவல் துறை ஓர் ஆணை பிறப்பித்தது. மோட்டார் வண்டி வைத்திருப்பவர் தன் பெயரையும் முகவரியையும், அனுமதி வாங்கியபோது கொடுக்கப்பட்ட எண்ணையும் ஓர் உலோகத் தகட்டில் தெளிவாக எழுதி, வண்டியின் இடப்பக்கத்தில் மறைக்காமல் மாட்ட வேண்டும். நம்பர் பிளேட்டின் கதையைப் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இன்று யாராவது காரின் பின்னால் தன் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதிக்கொண்டு ஊர் சுற்றுவாரா? அந்தத் தகட்டில் இப்போது எண் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. பெயரும் முகவரியும் அரசின் பதிவேட்டுக்குள் போய்விட்டன. தெருவில் நிற்கும் எவரும் எண்ணைப் பார்க்கலாம். அது யாருடைய வண்டி என்பது பதிவேட்டைத் திறக்க முடிந்தவருக்கு மட்டுமே தெரியும். இடித்துவிட்டு ஓடினால் ஆளைப் பிடித்துவிடலாம். ஆனால் சிக்னலில் பக்கத்தில் நின்ற அந்நியர் எண்ணைக் குறித்துக்கொண்டு வீடு தேடி வந்துவிட முடியாது. யோசித்துப் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் அந்தப் பதிவேட்டைத் திறக்க விரும்புபவர் போலீஸ் மட்டும் இல்லை. கார் தயாரிப்பாளர், இன்சூரன்ஸ் நிறுவனம், கடன் கொடுத்த வங்கி, பழைய கார் வியாபாரி, பார்க்கிங் நடத்துபவர், விளம்பர நிறுவனம், தனியார் துப்பறிவாளர் என்று வெளியே நிற்கும் வரிசை நீளமானது. அவர்களில் சிலர் கேட்பது முழுக்க நியாயம். சிலர் கேட்பதில் நியாயமே இல்லை. நியாயமான காரணத்தைச் சொல்லி உள்ளே வந்து வேறு வேலை பார்ப்பவர்களும் உண்டு. அவர்களைச் சமாளிப்பதுதான் கடினம்.

பதிவேட்டில் என்ன இருக்கிறது?

ஒரு வாகனப் பதிவைப் பிரித்துப் பார்த்தால் அதில் இரண்டு பாதிகள் தெரியும். ஒரு பாதி வண்டியைப் பற்றியது: நிறுவனம், மாடல், நிறம், எரிபொருள், தயாரித்த ஆண்டு, எஞ்சின் எண், சேசிஸ் எண். இன்று பெரும்பாலான நாடுகளில் வண்டிக்கான அடையாள எண் 17 எழுத்துகளும் எண்களும் கலந்தது. ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அதில் பயன்படுத்துவதில்லை. ஒன்று, பூஜ்ஜியம் ஆகியவற்றோடு குழம்பிவிடும் என்பதால். இன்னொரு பாதி மனிதரைப் பற்றியது: உரிமையாளர் பெயர், முகவரி, நாட்டைப் பொறுத்துப் பிறந்த தேதி, கடன் கொடுத்தவர் யார், இன்சூரன்ஸ் எங்கே என்பது போன்றவை.

முதல் பாதியை ஊருக்கே காட்டினாலும் பெரிய கெடுதல் இல்லை. இரண்டாவது பாதி அப்படியல்ல. நடைமுறையில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இரண்டு பாதிகளையும் ஒரே காகிதமாக நினைப்பதால் வருபவை. பழைய கார் வாங்கப் போகிறவருக்கு அது வெள்ளத்தில் மூழ்கியதா, திருட்டு வண்டியா, கடன் பாக்கி இருக்கிறதா என்பது தெரிய வேண்டும். முந்தைய உரிமையாளர் எந்தத் தெருவில் குடியிருந்தார் என்பது அவருக்கு எதற்கு?

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கடையில் தள்ளுபடி அட்டை வாங்கும்போது பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுக்கிறோம்; பிடிக்காவிட்டால் அட்டையே வேண்டாம் என்று வந்துவிடலாம். வாகனப் பதிவில் அந்த வழி இல்லை. பதிவு செய்யாமல் வண்டியைச் சாலையில் இறக்கினால் குற்றம். சட்டத்தைக் காட்டி வாங்கிய தகவல் இது. அதனால்தான், ‘தனியார் நிறுவனங்களே எவ்வளவோ தகவல் வைத்திருக்கின்றன, அரசு விற்றால் என்ன’ என்ற வாதம் எனக்கு எப்போதும் அரைகுறையாகவே படுகிறது.

கதவை முழுக்கச் சாத்தினால்?

தனியுரிமை முக்கியம், ஆகவே யாருக்கும் எதுவும் தராதே என்று சொல்வது எளிது. அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்பேக் விவகாரம் நல்ல உதாரணம். டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த ஏர்பேக்குகளில் காற்றை நிரப்பும் பாகத்தில் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் பட்டால் அது கெட்டுப்போய், விபத்தின்போது அளவுக்கு மீறி வெடித்து, உலோகத் துண்டுகளை ஓட்டுபவர் மீதே வீசியது. உயிர்கள் போயின. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது.

இங்கே சிக்கலைக் கவனியுங்கள். அந்தப் பாகம் பழசாகப் பழசாகத்தான் ஆபத்து கூடியது. பழைய கார் என்றால் இரண்டாவது கையோ மூன்றாவது கையோ மாறியிருக்கும். தயாரிப்பாளரிடம் இருப்பது பெரும்பாலும் முதலில் வாங்கியவரின் விவரம். இன்று அந்த ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் யார் என்பது தெரிந்த ஒரே இடம் அரசுப் பதிவேடு. அதனால்தான் அமெரிக்கச் சட்டம், பழுதுள்ள வண்டியின் உரிமையாளருக்கு மாநிலப் பதிவேட்டில் உள்ள பெயர் முகவரியைப் பார்த்துத் தயாரிப்பாளர் கடிதம் அனுப்ப வேண்டும் என்கிறது. இந்தக் கதவைச் சாத்தினால் தனியுரிமை பத்திரமாக இருக்கும். ஆள் பத்திரமாக இருப்பாரா என்பது சந்தேகம்.

திருட்டு வண்டியைக் கண்டுபிடிப்பது, ஒரே வண்டியைக் காட்டி இரண்டு வங்கிகளில் கடன் வாங்குவதைத் தடுப்பது, விபத்தில் எதிர்த்தரப்பின் இன்சூரன்ஸைத் தேடுவது ஆகியவையும் இப்படித்தான். பதிவேடு பேசாவிட்டால் இவை நின்றுவிடும்.

திறந்தே கிடந்தால்?

1989 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் ரெபெக்கா ஷேஃபர் என்ற 21 வயது நடிகை தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ரசிகன் என்ற பெயரில் நெடுங்காலம் அவரைப் பின்தொடர்ந்த ஒருவன்தான் சுட்டவன். வீட்டு முகவரி அவனுக்கு எப்படிக் கிடைத்தது? ஒரு தனியார் துப்பறிவாளருக்குப் பணம் கொடுத்தான். அந்த வழியில் கலிபோர்னியா மோட்டார் வாகனத் துறையின் பதிவிலிருந்து முகவரி வந்தது. யாரும் பூட்டை உடைக்கவில்லை, எந்தக் கணினியையும் ஊடுருவவில்லை. இது மனதில் நிற்க வேண்டும். கதவு சட்டப்படியே திறந்திருந்தது.

இந்தக் கொலை கிளப்பிய அதிர்ச்சியும் இதுபோன்ற வேறு சம்பவங்களும் சேர்ந்து, 1994இல் அமெரிக்க நாடாளுமன்றத்தை ஓட்டுநர் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவர வைத்தன. மோட்டார் வாகனத் துறைகள் பெயர், முகவரி போன்ற தனிப்பட்ட விவரங்களைக் கொடுக்கக் கூடாது என்பது அதன் பொது விதி. கொடுக்கலாம் என்பதற்கு 14 விதிவிலக்குகள். அரசுப் பணி, வாகனப் பாதுகாப்பும் திரும்பப் பெறுதலும், இன்சூரன்ஸ், நீதிமன்ற வழக்கு, இழுத்துச்செல்லப்பட்ட வண்டியின் உரிமையாளருக்குத் தகவல் சொல்வது, சுங்கச் சாவடி, ஆராய்ச்சி என்று பட்டியல் போகிறது. ஆராய்ச்சிக்கு என்றால் தனிப்பட்ட விவரத்தை வெளியிடவும் கூடாது, அதை வைத்து ஆளைத் தொடர்புகொள்ளவும் கூடாது.

உரிமம் பெற்ற தனியார் துப்பறிவாளரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். மற்ற விதிவிலக்குகளில் அனுமதிக்கப்பட்ட நோக்கத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையோடுதான். ஆனாலும் முதல்முறை படிக்கும்போது புருவம் உயரத்தான் செய்கிறது.

விளம்பரத்துக்கு இந்தச் சட்டம் முதலில் ஒரு வழி விட்டு வைத்தது. ‘எனக்கு வேண்டாம்’ என்று எழுதிக் கொடுக்காதவர்களின் விவரத்தை விற்பனைப் பட்டியல்களுக்குத் தரலாம். யார் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பார்? 1999இல் அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள்: ‘சரி’ என்று வெளிப்படையாகச் சொன்னவரின் விவரத்தை மட்டுமே தரலாம். படிவத்தில் ஒரு வரிதான் மாறியது. பேசாமல் இருப்பவரின் மௌனத்தை யார் பக்கம் சேர்ப்பது என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது.

மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. தெற்கு கரோலினா இந்தச் சட்டமே செல்லாது என்று வழக்குப் போட்டது. 2000 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தின் பக்கம் நின்றது. ஓட்டுநர் விவரம் மாநில எல்லை தாண்டி விற்கப்படும் சரக்கு, ஆகவே நாடாளுமன்றம் அதற்கு விதி போடலாம் என்றது. விஸ்கான்சின் மாநிலம் மட்டும் இந்த விற்பனையில் அப்போது ஆண்டுக்குச் சுமார் 80 லட்சம் டாலர் சம்பாதித்தது என்பது அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. மாநிலங்கள் ஏன் அவ்வளவு மும்முரமாக வழக்காடின என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

விதிவிலக்கு என்ற ஓட்டை எப்படிப் பெரிதாகும் என்பதற்கு 2013இல் வந்த இன்னொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்லலாம். கார் விற்பனையாளர்கள் மீது வழக்குப் போடும் வழக்கறிஞர்கள், ‘நீதிமன்ற வழக்குக்காக’ என்ற காரணத்தைக் காட்டி, கார் வாங்கிய ஆயிரக்கணக்கானவர்களின் விவரத்தைப் பதிவேட்டிலிருந்து வாங்கினார்கள். பிறகு, எங்கள் வழக்கில் சேருங்கள் என்று அவர்களுக்கே கடிதம் போட்டார்கள். இது வழக்கா, ஆள் பிடிப்பதா? ஆள் பிடிப்பதுதான் என்றது நீதிமன்றம். ஆனால் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்தான். ஒன்பது நீதிபதிகளே இப்படிப் பிரிகிறார்கள் என்றால், கவுன்டரில் விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் எழுத்தரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

பதில், பெயர், மூட்டை

இந்தத் துறையில் ‘அணுகல்’ என்ற ஒரே சொல்லை மூன்று வேறு காரியங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். அவற்றைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலாவது, கேள்விக்குப் பதில் மட்டும் சொல்வது. பிரிட்டனில் எந்த வண்டியின் எண்ணைக் கொடுத்தாலும் அதன் தகுதிச் சோதனை வரலாற்றை இணையத்தில் யாரும் பார்க்கலாம்: எப்போது தேறியது, எதில் தவறியது, அப்போது எத்தனை மைல் ஓடியிருந்தது என்பதெல்லாம் வரும். உரிமையாளர் பெயர் வராது. பழைய கார் வாங்குபவருக்கு வேண்டியதில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடுகிறது. மீட்டரைத் திருப்பி வைத்து விற்பவனும் மாட்டிக்கொள்கிறான்.

இரண்டாவது, குறிப்பிட்ட ஒரு வண்டிக்குக் காரணம் சொல்லிப் பெயர் கேட்பது. ஜெர்மனியில், சாலைப் போக்குவரத்தில் எழுந்த உரிமைக் கோரிக்கைக்காக இந்த விவரம் தேவை என்று காட்டினால் வண்டி வைத்திருப்பவரின் பெயரும் முகவரியும் இன்சூரன்ஸ் விவரமும் கிடைக்கும். பிரிட்டனில் ‘நியாயமான காரணம்’ என்பதுதான் அளவுகோல். அந்த இரண்டு சொற்களுக்குள் ஒரு பெரிய தொழிலே குடியேறிய கதை சுவையானது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தில் நிறுத்திய வண்டிகளின் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுப் பணம் கறப்பதை 2012 அக்டோபரில் தடை செய்தார்கள். அதே சட்டம், ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டால் பதிவில் உள்ளவரிடம் கட்டணத்தைக் கேட்கலாம் என்றது. பூட்டு போனது, அதன் இடத்துக்குப் பதிவேடு வந்தது. பார்க்கிங் நிறுவனங்கள் ஒரு விவரத்துக்கு 2.50 பவுண்ட் கட்டி உரிமையாளரின் முகவரியை வாங்கிக் கடிதம் அனுப்புகின்றன. அங்கீகரிக்கப்பட்ட தொழில்துறைக் கூட்டமைப்பில் உறுப்பினராக இருந்து, அதன் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது நிபந்தனை. இந்தக் கட்டணம் செலவை ஈடுகட்டத்தான், லாபத்துக்கு இல்லை என்று வாகன உரிமத் துறை சொல்லிவருகிறது. எண்ணைத் தவறாகப் படித்த கேமராவால் சம்பந்தமே இல்லாத ஒருவருக்குக் கடிதம் போவது வேறு கதை.

மூன்றாவதுதான் மூட்டை. குறிப்பிட்ட வண்டி எதுவும் இல்லை, குறிப்பிட்ட காரணமும் இல்லை. லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான பதிவுகள் ஒரே கோப்பாக. எந்தப் பகுதியில் எந்த மாடல் ஓடுகிறது, எங்கே உதிரிபாகக் கிடங்கு வைக்கலாம், மின்சாரக் கார் எங்கே பரவுகிறது என்றெல்லாம் அறியத் தொழில்துறைக்கு இது வேண்டும். கேட்பது தவறில்லை. ஆனால் முதல் இரண்டிலும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தடயம் மிஞ்சும்; யார், எப்போது, எதற்காகக் கேட்டார் என்று பிறகு தணிக்கை செய்யலாம். மூட்டை ஒருமுறை கைமாறினால் அதற்குள் யார் என்ன தேடினார் என்பது பதிவேட்டுக்குத் தெரியவே தெரியாது.

இந்தியாவின் மூன்று கோடி ரூபாய்

இந்த மூன்றாவது வகையை இந்தியா ஒன்றரை ஆண்டுக்கும் குறைவாக முயன்று பார்த்தது. ‘வாகன்’, ‘சாரதி’ என்ற இரண்டு தேசியத் தரவுத்தளங்களில் வாகனப் பதிவுகளும் ஓட்டுநர் உரிமங்களும் இருக்கின்றன. 2019 மார்ச்சில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மொத்தத் தரவுப் பகிர்வுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2019-20க்கு வணிக நிறுவனம் ஒன்று 3 கோடி ரூபாய் கட்டினால் தரவு கிடைக்கும். ஆராய்ச்சிக்காகக் கேட்கும் கல்வி நிறுவனத்துக்கு 5 லட்சம். அந்த ஆண்டு ஜூலையில், 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் இந்தத் தளங்களின் அணுகல் தரப்பட்டிருப்பதாகவும், அதில் 65 கோடி ரூபாய் வருவாய் வந்திருப்பதாகவும் மாநிலங்களவையில் அமைச்சர் தெரிவித்தார். 2020 ஜூனில் அமைச்சகமே அந்தக் கொள்கையைக் கைவிட்டது. தனிப்பட்ட விவரங்கள் தவறாகப் பயன்படுத்தப்படலாம், தனியுரிமைச் சிக்கல்கள் உள்ளன என்பது சொல்லப்பட்ட காரணம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டிலேயே தீர்ப்பளித்திருந்தார்கள். அப்போது நாட்டில் தனியான தரவுப் பாதுகாப்புச் சட்டம் இல்லை. அது 2023இல்தான் வந்தது. விதிப்புத்தகம் இல்லாமல் கடையைத் திறந்ததுதான் அடிப்படைக் கோளாறு என்பது என் எண்ணம்.

‘ஆளை அடையாளம் காட்டும் விவரம் எதையும் தரவில்லையே’ என்பது இப்படிப்பட்ட திட்டங்களுக்குச் சொல்லப்படும் வழக்கமான சமாதானம். வேறு தரவுகளோடு ஒப்பிட்டால் ஆள் தெரியவரலாம் என்பதை அந்த இந்தியக் கொள்கையே ஒப்புக்கொண்டு, அப்படிச் செய்தால் நடவடிக்கை என்றும் எச்சரித்திருந்தது. இந்த ஒப்பீட்டின் வலிமையை உலகுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் லடான்யா ஸ்வீனி என்ற அமெரிக்கக் கணினி விஞ்ஞானி. அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றை மட்டும் வைத்து அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்பிருக்கிறது என்று 2000இல் அவர் கணக்கிட்டார். பெயர் ஒன்றுகூட அதில் இல்லை.

வண்டிக்கு இது இன்னும் எளிது. ஊரில் அதிகம் ஓடும் வெள்ளை நிறச் சிறிய கார் என்றால் கூட்டத்தில் கரைந்துவிடும். அதே பகுதியில் ஒரே ஒருவரிடம் இருக்கும் சிவப்பு விளையாட்டுக் கார் என்றால்? மாடல், நிறம், பகுதி மூன்றும் போதும். பதிவெண்ணும் கோப்பில் இருந்துவிட்டாலோ பெயரை நீக்கியதாகச் சொல்வதில் அர்த்தமே இல்லை. அந்த எண் தெருவில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, கேமராக்கள் படிக்கின்றன, விற்பனை விளம்பரப் படங்களில் கிடக்கிறது.

எல்லா நாடும் இதே கவலையோடு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்வீடனில் அரசு ஆவணங்கள் பொதுவாக மக்கள் பார்வைக்கு உரியவை. ஒரு வண்டி யாருடையது என்று யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சுவிட்சர்லாந்தின் பல மாகாணங்களில் எண்ணைக் கொடுத்து உரிமையாளரைத் தேடலாம். தன் விவரத்தைக் காட்டாதே என்று உரிமையாளர் தடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. அங்கே மக்கள் பழகிப்போய்விட்டார்கள். ஆனால் யாரோ ஒருவருக்குப் பயந்து வீடு மாறிய பெண்ணுக்கு அந்தப் பழக்கம் எவ்வளவு ஆறுதல் தரும் என்று தெரியவில்லை.

நடுவில் இருக்கும் வழிகள்

எனக்கு மிகவும் பிடித்த வழி தபால்காரர் வேலை. ஏர்பேக் எச்சரிக்கையை அனுப்பத் தயாரிப்பாளருக்கு முகவரி வேண்டுமா, அல்லது எச்சரிக்கை போய்ச் சேர வேண்டுமா? இரண்டாவதுதான் வேண்டுமென்றால், பழுதான வண்டிகளின் சேசிஸ் எண்களைத் தயாரிப்பாளர் பதிவுத் துறையிடம் கொடுக்கட்டும். துறையே கடிதத்தை அனுப்பட்டும். முகவரி கட்டடத்தை விட்டு வெளியே போகவே போகாது. துறைக்கு வேலை கூடும், உண்மைதான். அதற்குக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம்.

சந்தை ஆய்வுக்குக் கோப்புக்குப் பதில் கணக்கைத் தரலாம். இந்த மாவட்டத்தில் இந்த மாடல் இத்தனை என்று எண்ணிக்கை மட்டும். எண்ணிக்கை மிகச் சிறியதாக இருந்தால் அந்தக் கட்டத்தை மறைத்துவிட வேண்டும்; ‘ஒன்று’ என்ற எண் பல நேரங்களில் ஒரு பெயருக்குச் சமம்.

முழு விவரமும் கொடுத்தே ஆக வேண்டிய இடங்களில் ஒப்பந்தம்தான் காவல். எதற்காக, எவ்வளவு நாள், யாருக்கு மறுபடி கொடுக்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில், விவரத்தை வாங்கி இன்னொருவருக்குக் கைமாற்றுபவர் யாருக்கு, எதற்காகக் கொடுத்தோம் என்ற குறிப்பை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். விவரம் தவறாகப் பயன்படுத்தப்பட்டவர் நீதிமன்றம் போனால் குறைந்தபட்சம் 2,500 டாலர் இழப்பீடு கிடைக்க வழி உண்டு. பட்டியல் தொழிலில் இன்னொரு பழைய தந்திரம் உண்டு: கோப்புக்குள் கற்பனை ஆட்களின் பெயர்கள் சிலவற்றைக் கலந்து, முகவரியாகத் தன் ஆட்களின் வீடுகளைப் போட்டு வைப்பது. அந்தப் பெயருக்கு ஒரு விளம்பரக் கடிதம் வந்தால், எந்த வாடிக்கையாளர் வழியே கசிந்தது என்று தெரிந்துவிடும்.

பதிவேட்டை எவ்வளவு இறுக்கினாலும் இன்னொரு கதவு திறந்துகொண்டிருக்கிறது என்பதையும் புதியவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. இப்போதைய கார்கள் தாங்களே தகவல் அனுப்புகின்றன: எங்கே போனது, எவ்வளவு வேகம், எத்தனை முறை சட்டென்று பிரேக் அடித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் இப்படித் திரட்டிய இருப்பிட, ஓட்டும் முறைத் தகவலை உரிமையாளரின் தெளிவான சம்மதமின்றிப் பிறருக்குக் கொடுத்ததாக அமெரிக்க வணிக ஆணையம் 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது. இன்சூரன்ஸ் கட்டணம் நிர்ணயிக்க உதவும் நிறுவனங்களுக்கு அந்தத் தகவலை ஐந்து ஆண்டுகளுக்குத் தரக் கூடாது என்று உத்தரவும் முன்மொழியப்பட்டது. அரசுப் பதிவேட்டில் இருப்பது வீட்டு முகவரி. காருக்குத் தெரிவது அந்த வீட்டிலிருந்து தினமும் எங்கே போகிறோம் என்பது. 1893இல் தகடு மாட்டச் சொன்ன பாரிஸ் போலீஸ்காரர்கூட இவ்வளவு கேட்டிருக்க மாட்டார்.